இறந்து பிறக்கும் சிசுக்கள்: காரணங்களை வகைப்படுத்தல்

2014-ஆம் ஆண்டு செப்டம்பரில் புது டில்லியில் தொடங்கப்பெற்ற இந்தியப் பச்சிளங்குழந்தைச் செயல் திட்டம், 2030-க்குள் ஆயிரம் பிறப்புகளில் இறந்து பிறப்பவை பத்துக்கும் கீழே குறைய வேண்டுமென்று குறிக்கோள் வகுத்தது. காரணம் அறியாமல் இதனை எய்தவியலாது.

உலக சுகாதார ஸ்தாபனம் 2016-இல் வெளியிட்ட முறைப்படி, மரணம் பிரசவ வலிக்கு முன்னரா, வலியின்போதா என்பது முதலில் பிரிக்கப்படும். பின்பு சிசுவின் மரண காரணமும், இரத்த அழுத்தம், இரத்தப்போக்கு போன்ற தாயின் நிலையும் இணைத்துக் குறிக்கப்படும்.

தோல் உரிந்த சிசு பெரும்பாலும் வலிக்கு முன்னரே இறந்ததாகும். அங்கே கர்ப்பகாலக் கவனிப்பை ஆராய வேண்டும். வலியுடன் வந்தபோது கேட்ட இதயத்துடிப்பு பின்னர் நின்றிருப்பின், பிரசவக் கண்காணிப்பை ஆராய வேண்டும். துடிப்பு பதிவாகாவிடில் இவ்விரண்டையும் பிரித்தறிவது கடினம்.

ஆதலின், தாயைச் சேர்க்கும்போதே சிசுவின் துடிப்பைக் கேட்டு, நேரத்துடன் எழுதிவைத்தல் செவிலியரின் முதற்கடமையாகும்.