தோல் உட்காரும் விளிம்பு

இருபது முப்பது ஆண்டுகள் டிரம்ஸ் பக்கமே போகாமல் இருந்துவிட்டு மறுபடி குச்சியைக் கையில் எடுப்பவர், பழைய செட் ஒன்றைத் தேடத் தொடங்கினால் சீக்கிரமே ஒரு புதிரில் வந்து நிற்பார். 1964இல் செய்த 13 அங்குல டாம் டிரம் ஒன்று, 1978இல் செய்தது ஒன்று, 1985இல் செய்தது ஒன்று. விட்டம் ஒன்றே. மூன்றுக்கும் ஒரே வகைப் புதுத் தோலைப் பூட்டி ஒரே சுருதிக்கு முறுக்கினாலும், மூன்றும் மூன்று ஆட்களைப் போலத்தான் பேசுகின்றன. முதலாவது தடித்த குரலில் ஒரு சொல் சொல்லிவிட்டு அடங்குகிறது. இரண்டாவது பளிச்சென்று எழுந்து கொஞ்ச நேரம் நிற்கிறது. மூன்றாவதில் அடியின் கூர்மையும் கீழே ஒரு முழக்கமும் கேட்கின்றன. இடைப்பட்ட ஒலிகள் ஒதுங்கிக்கொள்கின்றன.

மரம் காய்ந்து முதிர்ந்ததால் வந்த வித்தியாசம் என்று பலர் சொல்வார்கள். மரத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் அதைவிடப் பெரிய பங்கு, தோலைக் கழற்றினால் மட்டுமே கண்ணில் படும் ஓர் இடத்துக்கு என்று நான் நம்புகிறேன். தோல் வந்து உட்காரும் விளிம்பு அது.

வீணைத் தந்தியைச் சுண்டினால் அடிச்சுரத்தோடு அதன் 2 மடங்கு, 3 மடங்கு, 4 மடங்கு அதிர்வுகளும் சேர்ந்து எழும். அதனால்தான் அது ஒரே சுரமாகக் காதில் விழுகிறது. வட்டமாக இழுத்துக் கட்டிய தோலில் இந்த ஒழுங்கு கிடையாது. அங்கே அதிர்வுகள் 1, 1.59, 2.14, 2.30 என்று ஒன்றோடொன்று ஒட்டாத விகிதங்களில் எழுகின்றன. மிருதங்கத்தின் வலந்தலையில் அப்பும் கரும்பசையான கரணை இந்தக் கோணலைத்தான் நேராக்குகிறது. சி.வி. ராமன் 1920இல் நேச்சர் இதழில் விளக்கிய அற்புதம் அது. டிரம்ஸில் கரணை இல்லை. ஒட்டாத அந்த அதிர்வுகளில் எது உடனே சாகிறது, எது தங்குகிறது என்பதே ஒரு டிரம்மின் குரலாகிறது.

அதைத் தீர்மானிப்பதில் விளிம்புக்குப் பெரிய கை. விளிம்பு உருண்டிருந்தால் தோலின் அகலமான பட்டை ஒன்று மரத்தில் படிகிறது. வேகமான சிறு அதிர்வுகள் அந்தப் பட்டையிலேயே அடங்கிவிட, அடிச்சுரம் மிஞ்சுகிறது. விளிம்பை 45 பாகையில் கூராகச் சீவினால் தோல் ஏறக்குறைய ஒரு கோட்டில் மட்டுமே தொடும். சிறு அதிர்வுகளும் தப்பித்து நெடுநேரம் ஒலிக்கும்.

சிகாகோவில் லட்விக் நிறுவனம் 1960களில் செய்த டிரம்கள் உருண்ட விளிம்புக்காரர்கள். அந்த வடிவம் கன்றுத்தோல் காலத்து வழக்கத்தின் தொடர்ச்சி. மழைக்காற்றில் தளர்ந்து, வெயிலில் இறுகி வாசிப்பவரைப் பாடாய்ப் படுத்திய கன்றுத்தோலின் இடத்தை மைலார் என்ற பிளாஸ்டிக் படலம் பிடித்தது. ரெமோ பெல்லி அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது 1957இல். தோல் மாறியது, கூடு உடனே மாறவில்லை. மேப்பிள், பாப்ளர் போன்ற மரங்களின் மூன்று அடுக்குகளை ஒட்டி வளைத்த கூடு, வட்டம் குலையாமலிருக்க மேலும் கீழும் உள்ளே ஒரு மர வளையம். அந்த வளையத்தின் தடிப்பிலேதான் உருண்ட விளிம்பு அமைந்தது. பழைய வடிவமும் புதிய தோலும் சேர்ந்த இந்தத் தற்செயலான கூட்டணியைத்தான் இன்று அறுபதுகளின் ஒலி என்கிறோம். லண்டனில் 1963இல் பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் வாங்கிய கறுப்பு முத்துச்சிப்பி நிற லட்விக் இந்தக் குடும்பம்தான். பேஸ் டிரம் 20 அங்குலமே. 1964 பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அமெரிக்கா பார்த்ததும் அதே வகை லட்விக் ஒன்றைத்தான். அன்று ஒலிபெருக்கிகள் பாடகருக்கே போதாதவை. டிரம் தன் சொந்த பலத்தில் கூடத்தை நிரப்ப வேண்டியிருந்தது. ஜாஸ் உலகில் எல்வின் ஜோன்ஸும் டோனி வில்லியம்ஸும் கிரெட்ச் நிறுவனத்தின் 18 அங்குல பேஸ் டிரம்மோடு அதைச் செய்து காட்டினார்கள்.

எழுபதுகளில் காதுக்குப் பதிலாக மைக் வந்தது. ஒவ்வொரு டிரம்முக்கும் தனி மைக், தனி டிராக். பக்கத்து டாம் அதிர்ந்தால் அது இந்த மைக்கிலும் கசியும். எனவே அதிர்வை அடக்கினார்கள். அடித்தோலைக் கழற்றினார்கள், பேஸ் டிரம்முக்குள் தலையணை வைத்தார்கள். அடித்தோல் வெறும் மூடி அல்ல. உள்ளே அடைபட்ட காற்று இரு தோல்களையும் பிணைத்து ஒன்றின் அசைவை மற்றதற்குக் கொண்டுபோகிறது. அதைக் கழற்றினால் அந்த உரையாடலே நின்றுபோகும். மறுபுறம் பெரிய அரங்குகளுக்காக 26 அங்குல பேஸ் டிரம்மோடு, ஒளி ஊடுருவும் அம்பர் நிற அக்ரிலிக் செட்டில் ராக் டிரம்மர் ஜான் போனம் முழங்கினார். கண்ணைப் பறிக்கும் அந்த அக்ரிலிக் கூடுகள் ஒட்டிய இடத்தில் விரிசல் விடக்கூடியவை. வாங்குபவர் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும். 1976 வாக்கில் லட்விக்கும் வளையத்தைக் கைவிட்டு ஆறு அடுக்குக் கூட்டுக்கும் கூரான விளிம்புக்கும் போனது.

எண்பதுகள் ஜப்பானுடையவை. யமஹாவின் ரெக்கார்டிங் கஸ்டம் பெயரிலேயே தன் நோக்கத்தைச் சொன்னது. பிர்ச் மரம், துல்லியமான விளிம்பு, ஸ்டுடியோ பொறியாளர் கேட்கும் ஒலி மரத்திலிருந்தே வரும் ஏற்பாடு. டிரம்மர் ஸ்டீவ் காட் அதைப் புகழடையச் செய்தார். டாம்கள் ஆழமாயின, ஸ்டாண்டுகள் இரட்டைக்கால் பூண்டு இரும்பாய்க் கனத்தன. அறுபதுகளின் ஸ்டாண்டை ஒரு விரலில் தூக்கலாம். எண்பதுகளுடையதைத் தூக்கும்போது முதுகு வயதை நினைவூட்டும்.

திரும்பி வருபவருக்கு எது? வீட்டு அறையிலோ சிறு கூடத்திலோ மைக் இல்லாமல் வாசிப்பதாக இருந்தால், நான் தயங்காமல் அறுபதுகளின் மூன்று அடுக்குக் கூட்டைச் சொல்வேன். மெல்லத் தட்டினாலும் முழுக்குரலில் பேசும், பேசி முடித்ததும் விலகி வழிவிடும். ஆண்டுக்கணக்கில் வாசிக்காத கைக்கு அந்த இடைவெளி பெரிய உதவி. பதிவு செய்வதே நோக்கம் என்றால் எண்பதுகளின் பிர்ச். பிரிட்டனின் பிரீமியர் மீது ஆசை என்றால் அளவைப் பாருங்கள். அறுபதுகளின் பிற்பகுதிக்கு முந்தைய சிலவற்றின் விட்டம் இன்றைய தோல்களுக்குப் பொருந்தாது.

எதை வாங்கினாலும் தோலைக் கழற்றாமல் பணம் கொடுக்க வேண்டாம். புதுத் தோல் ஒன்றைக் கூட்டின்மேல் வையுங்கள்; பிடிக்காமல் தளர்வாகச் சுழல வேண்டும். கூட்டைக் கண்ணாடித் தளத்தில் கவிழ்த்து, உள்ளே விளக்கு வைத்து, எங்காவது வெளிச்சம் கசிகிறதா பாருங்கள். பிறகு விளக்கை அணைத்துவிட்டு விளிம்பின்மேல் சுட்டுவிரலை மெல்ல ஒரு சுற்று ஓட்டுங்கள். பழைய லட்விக்கில் ஓரிடம் கொஞ்சம் உருண்டிருக்கும், ஓரிடம் கொஞ்சம் தட்டையாக இருக்கும். சிகாகோவில் யாரோ ஒருவர் மெருகுக் காகிதத்தை எங்கே கூடுதலாக அழுத்தினார் என்பதை விரலே சொல்லும். அதைச் சீராக்குகிறேன் என்று இயந்திரத்தில் சீவக் கொடுத்துவிடாதீர்கள்.