சுரப்பியை வெட்டலாம், கட்டளையை?

கீரியைப் போல நீண்ட உடலும் குட்டைக் கால்களும் கொண்ட ஃபெரட், அமெரிக்க வீடுகளில் செல்லமாக வளரும் விலங்கு. மூன்று, நான்கு வயதில் அதன் வாலில் முடி கொட்டத் தொடங்கினால், வளர்ப்பவர்கள் முதலில் தோல் நோய் என்றே நினைப்பார்கள். பிறகு இடுப்பு, முதுகு என்று இருபுறமும் ஒரே சீராக முடி உதிரும். பெண்ணுக்குப் பிறப்புறுப்பு வீங்கும். ஆணுக்குப் புரோஸ்டேட் பெருத்துச் சிறுநீர் அடைக்கும். கோளாறு தோலில் இல்லை, சிறுநீரகத்தின் அருகே ஒரு பயறு அளவில் இருக்கும் அட்ரீனல் சுரப்பியில் இருக்கிறது. அதை வெட்டி எடுப்பதா, மருந்தால் அடக்குவதா? சுரப்பியை மட்டும் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. அதைத் தூண்டுவது எது என்றும் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் விற்பனைக்கு வரும் ஃபெரட்களுக்குப் பெரும்பாலும் சில வார வயதிலேயே கருத்தடை செய்துவிடுகிறார்கள். விந்தகமோ சூலகமோ இருந்தால், அவற்றின் ஹார்மோன்கள் மூளைக்கு ‘போதும்’ என்று சொல்லும். அவை இல்லாதபோது மூளையின் தூண்டுதலால் பிட்யூட்டரி சுரப்பி லூட்டினைசிங் ஹார்மோனை ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. கேட்க வேண்டிய உறுப்பு இல்லாததால் அந்தக் கட்டளையை அட்ரீனல் கேட்கிறது. வருடக்கணக்கில் தூண்டப்பட்டுப் பருத்து, கட்டியாகி, பாலியல் ஹார்மோன்களைச் சுரக்கிறது. கருத்தடைக்கும் நோய் கண்டறியப்படுவதற்கும் இடையே சுமார் மூன்றரை ஆண்டுகள் என்று நெதர்லாந்து ஆய்வு ஒன்று 2000இல் காட்டியது.

அறுவை சிகிச்சையின் பலம் பெரிது. 130 ஃபெரட்களை ஆராய்ந்து 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அறுவைக்குப் பின் ஓராண்டு பிழைத்திருந்தவை 98 சதவீதம், இரண்டாண்டு பிழைத்திருந்தவை 88 சதவீதம். ஆனால் ஒரு சுரப்பியை எடுத்தாலும் கட்டளை நிற்பதில்லை. மிஞ்சியிருக்கும் மற்றொன்று அதே வழியில் போகலாம். டெஸ்லோரெலின் மருந்தோ கட்டளை பிறக்கும் இடத்திலேயே கை வைக்கிறது. அரிசிமணி போன்ற அதைத் தோலுக்கடியில் வைத்தால், இடைவிடாமல் கசிந்து, முதலில் பிட்யூட்டரியைத் தூண்டி, பிறகு மரத்துப்போகச் செய்கிறது. இரண்டையும் ஒப்பிட்டு 2012இல் வெளியான ஆய்வில், நோய் திரும்பும்வரை கிடைத்த காலம் அறுவைக்குச் சராசரியாக 13.6 மாதம், மருந்துக்கு 16.5 மாதம்.

அப்படியானால் கத்தியே வேண்டாமா? மருந்து அறிகுறிகளை அடக்கினாலும், உள்ளே இருக்கும் கட்டி வளரலாம் என்பது நியாயமான ஆட்சேபம். இந்தக் கட்டிகள் பிற உறுப்புகளுக்குப் பரவுவது அரிது என்பது ஓரளவு ஆறுதல். ஆனாலும் ஸ்கேனில் கட்டி பெருத்துக்கொண்டே போனால் அறுவையைத் தள்ளிப்போடக் கூடாது. எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். இடது சுரப்பியை எடுப்பது எளிது. வலது சுரப்பி பெருஞ்சிரையோடு ஒட்டிக்கொண்டிருப்பதால், கை தவறினால் ரத்தப்போக்கு உயிரையே பறிக்கும். சிறுநீர் அடைத்துவிட்டால் முதலில் அந்த அடைப்பை நீக்க வேண்டும். மருந்து வேலை செய்யும்வரை காத்திருக்க நேரமில்லை. கருத்தடையே செய்யாமல் விட்டால் என்ன என்றும் கேட்கலாம். இணை சேராத பெண் ஃபெரட் பருவத்திலேயே நீடித்து, மிகுந்த ஈஸ்ட்ரோஜனால் எலும்பு மஜ்ஜை செயலிழந்து இறக்கக்கூடும். அதனால்தான் கத்திக்குப் பதிலாக அதே டெஸ்லோரெலினைக் கருத்தடைக்கே பயன்படுத்தும் வழக்கம் ஐரோப்பாவில் பரவியிருக்கிறது.

ஆக, ‘இதுவா, அதுவா’ என்பதே பாதிக் கேள்விதான். இளம் வயது, இடது பக்கக் கட்டி, வேறு நோயில்லை என்றால் அறுவை செய்து, பின்னர் மருந்தும் வைப்பது பொருத்தம். முதுமை, வலது பக்கக் கட்டி, இதயக் கோளாறு என்றால் மருந்தே போதும். எந்த வழியில் போனாலும், “எந்தப் பக்கம், எவ்வளவு பெரிது, மறுபக்கச் சுரப்பி எப்படி இருக்கிறது?” என்ற மூன்று கேள்விகளையும் மருத்துவரிடம் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள்.