உங்களுக்குத் தெரியுமா? இறக்கத்தில் மிச்சம் பிடிப்பது நியூட்ரல் அல்ல, கியர்!

● பெரகலையிலிருந்து ஹல்துமுல்லை வழியே பலாங்கொடைக்கு இறங்கும்போது, பெற்றோலை மிச்சம் பிடிக்கவென்று நியூட்ரல் போடுகிற சாரதிகள் உண்டு. இன்ஜெக்டர் உள்ள வாகனத்தில் நடப்பது நேர்மாறு. கியரில் வைத்து எக்ஸலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் போவதே நின்றுவிடும். சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றும். நியூட்ரலிலோ எஞ்சின் அணையாதிருக்க எரிபொருள் வேண்டும். பிரேக்கும் சூடேறிப் பிடிக்காமல் போகலாம்.

● டயரில் காற்றுக் குறைந்தால் எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். ஓடிய சூட்டில் அளவு கூட்டியே காட்டும். காலையில் வண்டியை எடுக்குமுன் பாருங்கள்.

● 2022 பொருளாதார நெருக்கடியில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை தொடங்கியபோது முச்சக்கர வண்டிக்கு வாரத்துக்கு 5 லீற்றர்தான் கிடைத்தது.

எந்த வண்டியானாலும், மலையை ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.