மாடியில் டவர், தலையணைக்கு அடியில் போன்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கடைக்கு மேலேயே குடியிருப்பவர்கள் உண்டு. ஷட்டரை இறக்கிவிட்டு மாடியேறிப் படுத்தால், தலைக்கு மேலே செல்போன் டவர். தூக்கம் வராத இரவில் பழிபோட அதைவிட வசதியான ஆள் கிடையாது.

ஆனால் டவரின் ஆண்டெனா கதிரைப் பக்கவாட்டில்தான் வீசுகிறது. நேர் கீழே இருக்கும் வீட்டுக்கு வருவது சொற்பம். தூரம் கூடக் கூட அதுவும் வேகமாகக் குறையும். தலையணைக்கு அடியில் கிடக்கும் போன் அப்படியல்ல. தடித்த சுவருக்குள் சிக்னல் தேய்ந்தால், எட்டிப் பிடிக்க அது கூடுதல் சக்தியைச் செலவிடும். டவர் பக்கத்தில் இருந்தால் போனின் கதிர் குறையும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-ல் ரேடியோ அலைகளை ‘புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும்’ என்ற 2பி பிரிவில் வைத்தது. அந்த நிறுவனம் கேட்டு 2024-ல் வெளியான மறுஆய்வோ, செல்போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை. இந்த அலைகள் மெலடோனின் என்ற தூக்க ஹார்மோனைக் குறைக்குமா? ஆய்வுகள் ஒரே பதிலைத் தரவில்லை. இரவு வெளிச்சம் அதைக் குறைக்கும் என்பதில் மட்டும் ஐயமில்லை. படுத்தபின் கண்ணுக்கு நேரே பிடிக்கும் திரைதான் என் கணக்கில் முதல் குற்றவாளி.

அதற்காக டவரைக் கேள்வி கேட்கக்கூடாது என்றில்லை. 2012 செப்டம்பர் 1 முதல் இந்தியா கதிர்வீச்சு வரம்பைச் சர்வதேச அளவில் பத்தில் ஒரு பங்காக இறக்கியது. உங்கள் பகுதி டவர் விதிக்கு உட்பட்டதா என்று 2017-ல் தொலைத்தொடர்புத் துறை தொடங்கிய ‘தரங் சஞ்சார்’ தளத்தில் பார்க்கலாம். கட்டணம் செலுத்தி அளக்கவும் சொல்லலாம். அளந்து காட்டாத அச்சம் நீதிமன்றத்தில் நிற்பது கடினம். சேமஞ்சேரி பஞ்சாயத்து வழக்கில், உடல்நல அச்சத்தை மட்டும் சொல்லி டவருக்கு அனுமதி மறுக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2006-லேயே சொல்லிவிட்டது.

டவரின் ஜெனரேட்டர் சத்தம் வேறு விஷயம். 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு வரம்பு வணிகப் பகுதியில் 55 டெசிபல், குடியிருப்பில் 45. மீறினால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் புகார் செய்யலாம். டவரால் தூக்கம் கெட்டால், காரணம் பெரும்பாலும் இந்த உறுமலாகவே இருக்கும்.

 

டவர் இருக்கட்டும்; போனை இன்றிரவு அடுத்த அறையில் சார்ஜ் போடுங்கள். ‘காலையில் எழுப்ப அலாரம் வேண்டுமே’ என்பீர்கள். கீழே இறங்கினால் கடைத்தெரு. ஒரு கடிகாரம் கிடைக்காமலா போகும்?