என்ஜினுக்கு வயது என்ன?

சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம் ஆகிய மூன்றுக்கும் சரக்கு ஏற்றிச் செல்லும் கன்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் கடந்து செல்லும் ஊர் மணலி. நெடுந்தொலைவு ஓடிக் களைத்த லாரிகள், தங்கள் இறுதிக் காலத்தில் துறைமுகத்தை ஒட்டிய குறுந்தொலைவு ஓட்டத்துக்கு வந்து சேர்வது உலகெங்கும் உள்ள வழக்கம். வடசென்னையும் அதற்கு விலக்கல்ல.

பெட்ரோலிய சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் அமைந்த மணலியை, கடுமையாக மாசடைந்த பகுதிகளில் ஒன்றாக மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-ஆம் ஆண்டிலேயே அறிவித்தது. ஆலைகளின் புகைபோக்கிகளைப் பற்றி நிறையவே பேசியிருக்கிறோம். ஆனால், லாரிகளின் புகையைப் பற்றிப் பேசும்போது ஓர் அடிப்படைக் கேள்வி விடுபட்டுப் போகிறது. புகையைக் கக்கும் அந்த என்ஜினின் வயது என்ன? அதை எந்தச் சான்றைக் கொண்டு நிறுவுவது?

வயதை அறிவது ஏன் முக்கியம்? மத்திய மோட்டார் வாகன விதிகளின் 115-ஆவது விதி, டீசல் வாகனங்களின் புகைக்கு வரம்பு விதிக்கிறது. பிஎஸ்-4 தரத்துக்கு முந்தைய வாகனங்களுக்கு அந்த வரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகுகள். பிஎஸ்-4 வாகனங்களுக்கு 50. பரிசோதனையில் இரண்டு லாரிகளும் 60 அலகுகள் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். பழைய லாரிக்குச் சான்று கிடைக்கும், புதியதற்குக் கிடைக்காது. இதில் அநீதி ஏதுமில்லை. ஓர் என்ஜின் எந்தத் தரத்துக்காக வடிவமைக்கப்பட்டதோ, அந்தத் தரத்தைக் கொண்டுதான் அதை அளக்க முடியும். ஆனால், அது எப்போது, எந்தத் தரத்தில் பிறந்தது என்பது தெரியாவிட்டால் பரிசோதனையே பொருளற்றதாகிவிடும்.

தயாரிப்பு ஆண்டு மட்டும் தெரிந்தாலும் போதாது. பிஎஸ்-4 தரம் 2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் நடைமுறைக்கு வந்தது. நாடு முழுவதும் கட்டாயமானது 2017 ஏப்ரல் 1 அன்றுதான். இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில், ஒரே ஆண்டில் தயாரான இரு வாகனங்கள் வெவ்வேறு தரத்தில் இருந்திருக்கக் கூடும். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 வந்தபிறகே இந்தக் குழப்பம் தீர்ந்தது.

இனி, சான்று எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். சேஸிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் தயாரிப்பு மாதத்தையும் வாகனத்தில் பொறிக்க வேண்டும் என்கிறது 122-ஆவது விதி. சேஸிஸில் உள்ள 17 இலக்க அடையாள எண்ணில், பெரும்பாலான நிறுவனங்கள் 10-ஆவது இடத்தில் ஆண்டைக் குறிக்கின்றன. அங்கு ‘ஏ’ என்றிருந்தால் 2010. ‘ஹெச்’ என்றிருந்தால் 2017. என்ஜின் எண்ணுக்கு இப்படிப் பொதுவான இலக்கணம் கிடையாது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு முறை உண்டு. அதைப் படித்துச் சொல்ல அந்த நிறுவனத்தால்தான் முடியும்.

சேஸிஸும் என்ஜினும் ஆயுள் முழுவதும் சேர்ந்தே இருந்தால் சிக்கல் இல்லை. ஆனால், சேஸிஸ் இருபது ஆண்டுகள் உழைக்கும். என்ஜின் அதற்குள் பழுதாகும். புதிய என்ஜின் வாங்க வசதியில்லாதவர்கள், கழித்துக்கட்டப்பட்ட வேறொரு வண்டியின் என்ஜினை வாங்கிப் பொருத்துகிறார்கள். புதுப்பேட்டையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. என்ஜினை மாற்றினால் 14 நாள்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு. அப்படித் தெரிவிக்கும்போது ஆர்.சி.யில் என்ஜின் எண் மாறும். ஆனால், தயாரிப்பு மாதம் என்று அதில் இருப்பது வாகனத்தின் மாதம்தான். என்ஜினின் பிறந்த தேதிக்கு அதில் தனி இடமில்லை.

விளைவு இரண்டு விதமாக இருக்கிறது. புதிய வண்டிக்குள் பழைய என்ஜினைப் பொருத்தியவர், வயதை அடிப்படையாகக் கொண்ட எல்லாத் தடைகளிலிருந்தும் தப்பிவிடுகிறார். பழைய வண்டிக்குள் கடன் வாங்கி நல்ல என்ஜினைப் பொருத்தியவரோ, பழைய வண்டிக்காரராகவே நடத்தப்படுகிறார். 15 ஆண்டுகளைக் கடந்த கனரக வாகனத்தின் தகுதிச் சான்றுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 12,500 ரூபாயாக உயர்த்தப்பட்டபோது, இருவருக்கும் இடையே எந்த வேறுபாடும் காட்டப்படவில்லை. புகையைக் குறைப்பவருக்கு ஊக்கமும் இல்லை, கூட்டுபவருக்குத் தண்டனையும் இல்லை என்றால், ஒரு சந்தை எந்தத் திசையில் நகரும் என்பதைச் சொல்ல பொருளியல் படித்திருக்க வேண்டியதில்லை.

நான் வகுப்பறையில் ஆண்டுதோறும் நடத்திய பாடங்களில் ஒன்று, ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் எழுதிய கட்டுரை. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அவர், அதில் எடுத்துக்கொண்ட உதாரணமே பழைய கார் சந்தைதான். பொருளின் தரம் விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல் போனால், நல்ல பொருளுக்கு உரிய விலை கிடைக்காது. நாளடைவில் நல்ல பொருள் சந்தையை விட்டே விலகிவிடும். பழைய என்ஜின் சந்தையில் வாங்குபவருக்கு மட்டுமல்ல, அரசுக்கும் தரம் தெரிவதில்லை.

காகிதத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2020-இல் ஆந்திரத்தில் பதிவான வழக்கு ஓர் எச்சரிக்கை. பழைய இரும்பாக வாங்கப்பட்ட பிஎஸ்-3 லாரிகள், போலி ஆவணங்களின் துணையுடன் நாகாலாந்தில் பிஎஸ்-4 வாகனங்களாகப் பதிவு செய்யப்பட்டன என்பது அதில் எழுந்த குற்றச்சாட்டு.

தில்லியின் அனுபவமும் நமக்குப் பாடம். அங்கு 10 ஆண்டுகளைக் கடந்த டீசல் வாகனங்களும் 15 ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் வாகனங்களும் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடையை, 2018-இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. அத்தகைய வாகனங்களுக்கு எரிபொருள் தரக்கூடாது என்ற உத்தரவு 2025 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்து, மக்களின் எதிர்ப்பால் சில நாள்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் உச்சநீதிமன்றம், பிஎஸ்-4 மற்றும் அதற்கு மேற்பட்ட தரத்திலான வாகனங்கள் மீது வயதை மட்டும் காரணம் காட்டி நடவடிக்கை கூடாது என்றது. வயதிலிருந்து தரத்தை நோக்கி நகர்ந்த நல்ல மாற்றம் இது. ஆனால், அந்தத் தரமும் என்ஜினுடையதாக இருக்க வேண்டாமா?

பிற நாடுகள் இதற்கு வழி கண்டிருக்கின்றன. பிரிட்டனில், பாகங்களை வாங்கிச் சொந்தமாகக் கார் கட்டிக்கொள்ளும் ‘கிட் கார்’ ஆர்வலர்கள் உண்டு. புதிய காருக்குள் பழைய என்ஜினைப் பொருத்துவோர், அதன் வயதைத் தக்க சான்றுடன் நிறுவினால், அந்தக் காலத்து வரம்பின்படி சோதிக்கப்படுவர். நிறுவ முடியாவிட்டால் இன்றைய கடுமையான வரம்புதான். கலிஃபோர்னியாவின் கனரக லாரி விதிகள், லாரியின் ஆண்டை விட்டுவிட்டு என்ஜினின் மாதிரி ஆண்டையே கணக்கில் கொள்கின்றன. அங்குள்ள லாஸ் ஏஞ்சலிஸ், லாங் பீச் துறைமுகங்கள், 1989-க்கு முந்தைய லாரிகளை 2008 அக்டோபரில் தடை செய்து, 2012-க்குள் படிப்படியாக 2007-ஆம் ஆண்டுத் தரத்துக்கு வந்தன. புதிய லாரி வாங்க மானியமும் அளித்தன.

நாம் செய்யக் கூடியவை எளியவையே. என்ஜின் எண்ணைக் கொடுத்தால் அதன் தயாரிப்பு மாதத்தையும் மாசுத் தரத்தையும் தயாரிப்பு நிறுவனம் இலவசமாகத் தெரிவிக்க வேண்டும். அந்த விவரம் ‘வாகன்’ தரவுத்தளத்தில் தனியாகப் பதிவாக வேண்டும். புகைப் பரிசோதனையின்போது, பதிவெண்ணுடன் என்ஜின் எண்ணையும் நேரில் ஒப்பிட வேண்டும். என்ஜினுக்குச் சான்று இல்லையென்றால் கடுமையான வரம்பு பொருந்தும் என்பதோடு, அனுமதி பெற்று மேம்பட்ட என்ஜினைப் பொருத்தியவருக்குக் கட்டணச் சலுகையும் கிடைக்க வேண்டும். துறைமுக நுழைவாயில்களில் இதைத் தொடங்கலாம். எந்த லாரியும் அவற்றைக் கடந்துதான் ஆக வேண்டும்.

எண்ணூரில் அசோக் லேலண்ட் ஆலை தோன்றியது 1948-இல். நம் சாலைகளில் ஓடும் லாரி என்ஜின்கள் பலவற்றின் பிறப்புப் பதிவேடு தொலைவில் இல்லை. ஒற்றை லாரியை நம்பிப் பிழைக்கும் உரிமையாளரின் வாழ்வாதாரமும், சாலையோரக் குடியிருப்புகளில் வளரும் குழந்தைகளின் நுரையீரலும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று கருத வேண்டியதில்லை. எந்த என்ஜின் புகைக்கிறது என்பதைச் சரியாக அறிந்துகொண்டால், நல்ல என்ஜினைத் தண்டிக்காமலேயே கெட்டதை அகற்றிவிட முடியும். தமிழக அரசும் துறைமுக நிர்வாகங்களும் அதற்கான முதல் அடியை வடசென்னையில் எடுத்து வைக்கட்டும்.