ஒரு பைக், இரண்டு ஃபைல்: பூந்தமல்லியிலிருந்து எஸ்டேட் வரை

காலை ஏழரை மணி. பூந்தமல்லி பஸ் நிலையம் அருகே டீக்கடையில் இருவரும் நமக்காகக் காத்திருந்தார்கள். ஒருவர் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்தவர், இன்னொருவர் பி.காம். ஒரே காலனி, ஒரே தெரு. பைக் ஃபிட்டரின் சித்தப்பாவுடையது. அவருக்கு நைட் ஷிஃப்ட் என்பதால் மாலை 6 மணிக்குள் திருப்பித் தரவேண்டும். நூறு ரூபாய்க்குப் பெட்ரோல், ஆளுக்கு ஐம்பது. இரண்டு ஃபைலும் ஒரே பிளாஸ்டிக் கவரில்.

வாரத்துக்கு மூன்று நாள் இப்படிக் கிளம்புகிறார்கள். இது ஐந்தாவது வாரம். "பேர் மட்டும் போடாதீங்கண்ணா, வேலை கிடைக்கட்டும்" என்றார் பி.காம். தம்பி. இன்றைய வழி ஆவடி, பிறகு எம்.டி.எச். சாலை வழியாக அம்பத்தூர் எஸ்டேட். நாமும் பின்னால் போனோம்.

ஆவடியில் பெரிதாக வேலை இல்லை. 1955இல் காங்கிரஸ் மாநாடு கூடி சோஷலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்ட ஊர் இது. 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. ஃபிட்டரின் தாத்தா அங்கே கலாசியாக இருந்தவர். குடிசை ஓட்டு வீடானது அந்தச் சம்பளத்தில்தான். 2021 அக்டோபரில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகளை ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரித்தபோது, அந்தத் தொழிற்சாலையும் அவற்றுள் ஒன்றின் கீழ் போனது. தாத்தா நுழைந்த கேட்டைப் பேரன் பைக்கில் கடந்து போகிறார், நிற்கவில்லை. "அதுக்கு நோட்டிபிகேஷன் வரணும்ணா. இன்னிக்கு கேட் வேலை" என்றார்.

கேட் வேலை என்றால் எஸ்டேட்டில் கேட் கேட்டாக நின்று பயோடேட்டா கொடுப்பது. 1960களில் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள், பெரும்பாலும் சிறியவை. டன்லப் ஆலை மூடிப் பல ஆண்டுகளாகியும் பெயர் மட்டும் ஜனங்களின் வாயில் நிற்கிறது, டன்லப்பில் இறங்கணும் என்று.

முதல் மூன்று கேட்டில் ஃபைலை வாங்கிக்கொண்டு "கூப்பிடுவாங்க" என்றார்கள். நான்காவதில் உள்ளே விட்டார்கள். சூப்பர்வைசர் சர்டிபிகேட்டைப் பார்த்தார், மார்க் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு கேட்டார்:

"எந்த ஊருப்பா?"

"பூந்தமல்லி பக்கம் சார்."

"பூந்தமல்லில எங்க?"

தம்பி ஊர்ப் பெயரைச் சொன்னார்.

"ஊருக்குள்ளயா, காலனியா?"

அதோடு சரி. போன் வரும் என்று அனுப்பிவிட்டார்.

தமிழ்நாட்டில் நாம் பெயருக்குப் பின்னால் சாதியைப் போடுவதில்லை. நியாயமான பெருமைதான். ஆனால் பெயரில் இல்லாததைத் தெருவைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். 2007இல் சுகதேவ் தோரட், பால் அட்வெல் இருவரும் 'எக்கனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். தகுதி ஒன்றுதான், பெயர்தான் வேறு. உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்போடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்குதான்.

இதை மரத்தடியில் புளிசாதம் சாப்பிடும்போது சொன்னோம். சொல்லலாமா என்ற தயக்கம் இருந்தது. பி.காம். தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ என் இங்கிலீஷ் இல்லையாண்ணா பிரச்சினை?" என்று கேட்டார். ஐந்து வாரமாக அவர் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாராம். அவர் முகத்தில் கண்டது சோர்வு இல்லை, ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

அவர்களிடம் ஒரு நோட்டு இருக்கிறது. எந்தக் கம்பெனி, என்ன தேதி, என்ன கேட்டார்கள், என்ன பதில் என்று ஒவ்வொரு கேட்டுக்கும் ஒரு வரி. இதுவரை 62 கேட். ஒன்பது இடத்திலிருந்து போன், மூன்று இன்டர்வியூ, வேலை இன்னும் இல்லை. தெரு கேட்ட இடங்களுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வட்டம். வட்டம் போட்ட கம்பெனிக்கு மறுபடி பெட்ரோல் செலவழிப்பதில்லை. இன்னொரு வழக்கமும் உண்டு. ஒருவருக்கு மறுத்தால் மற்றவர் ஆறுதல் சொல்லக்கூடாது, "அடுத்து எது?" என்று மட்டும் கேட்கவேண்டும். 'முயன்றால் முடியும்' என்று மேடையில் பேசுபவர்களிடம் நமக்குப் பெரிய மரியாதை இல்லை. இந்த நோட்டின் மீது இருக்கிறது.

வேலையில்லாதோர் உதவித்தொகைக்கு எழுதிப்போட்டீர்களா என்று கேட்டோம். பதிவு செய்து ஐந்து ஆண்டு காத்திருக்கவேண்டும், பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். "ஆறு நாள் பெட்ரோல்" என்று சிரித்தார்கள். சிரிப்பு சரிதான், ஆனால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க மறக்கக்கூடாது. பதிவு மூப்பு போனால் போனதுதான்.

மாலை மூன்று மணிக்கு ஒரு கேட்டில் 'அப்ரண்டிஸ் தேவை' என்று போர்டு. தொழிற்பழகுநர் சட்டம் 1961இன் 3ஏ பிரிவை ஃபிட்டர் படித்து வைத்திருந்தார். தனியார் துறை வேலையில் இடஒதுக்கீடு கிடையாது. ஆனால் குறிப்பிட்ட தொழில்களின் பயிற்சி இடங்களில் எஸ்.சி., எஸ்.டி.க்கு ஒதுக்கவேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்கிறது, தனியார் ஆலைக்கும் சேர்த்துத்தான். நம் பிள்ளைகள் பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும் கேட்பதில்லை. இவர் கேட்டார்: "மேடம், எஸ்.சி. சீட் எத்தனை?" அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை. உள்ளே போய் ஒரு ஃபைலைப் புரட்டிவிட்டு வந்து, "சாதிச் சான்றிதழ் ஜெராக்ஸ் வெச்சிட்டுப் போங்க. வியாழக்கிழமை பத்து மணிக்கு வாங்க" என்றார்.

திரும்பும்போது பருத்திப்பட்டு ஏரிக்கரையில் கொஞ்ச நேரம் நிறுத்தினோம். 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்துதான், பொதுச் சாலையிலும் தெருவிலும் யாரும் நடக்கலாம் என்பது அரசின் உத்தரவாகவே வந்தது என்று சொன்னோம். அவரும் 1900இல் ஊரை விட்டுப் புறப்பட்டவர்தான். தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்துவிட்டு 1921இல் திரும்பினார். "இருபத்தோரு வருஷமா?" என்றார் பி.காம். தம்பி. "நமக்கு அஞ்சு வாரம்தான்டா ஆவுது" என்றார் மற்றவர்.

நோட்டை எடுத்து அன்றைய கடைசி வரியை எழுதினார்கள். 68ஆவது கேட், வியாழன் 10 மணி, வட்டம் இல்லை. மணி ஐந்தே முக்கால். சித்தப்பா இரண்டு முறை போன் செய்துவிட்டார்.