அட்டையில் 5 மி.கி... மாத்திரைக்குள் இருக்கா? பிபி மருந்தை ஆய்வகம் அளப்பது எப்படி?

பெரம்பலூர், அரியலூர் கிராமங்களிலும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மூலம் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அட்டையில் ‘அம்லோடிபின் 5 மி.கி.’ என்று இருக்கும். மாத்திரையின் எடையோ அதைப்போலப் பல மடங்கு. மருந்து போக மீதி வெறும் துணைப்பொருள்கள்தான். அந்த 5 மி.கி. நிஜமாவே இருக்கா?

மருந்து ஆய்வாளர் கடையில் எடுக்கும் மாதிரியை நான்கு பங்காக்கி சீல் வைப்பார். ஒன்று கடைக்காரருக்கே, ஒன்று அரசு ஆய்வகத்துக்கு.

அங்கே மாத்திரையைப் பொடித்து, கரைத்து, வடிகட்டி ‘ஹெச்பிஎல்சி’ கருவியில் செலுத்துகிறார்கள். துகள்கள் அடைத்த குழாயில் ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு வேகத்தில் நகர்ந்து தனியாகப் பிரியும். மருந்து வெளியே வரும்போது புற ஊதா ஒளியை உறிஞ்ச, திரையில் ஒரு மேடு எழும். அளவு தெரிந்த சுத்தமான மருந்தின் மேட்டோடு ஒப்பிட்டால் கணக்கு ரெடி. 4.5 முதல் 5.5 மி.கி. வரை இருந்தால் பாஸ்.

அளவு சரியா இருந்தும் கரையலைன்னா? அதனால், உடல் சூடான 37 டிகிரியில் உள்ள திரவத்தில் போட்டு, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு கரைகிறது என்றும் பார்க்கிறார்கள். இதில் கோட்டைவிட்ட மாத்திரையைச் சாப்பிட்டவருக்கு பிரஷர் சரியாக இறங்காமல் போகலாம். டாக்டர் டோஸைக் கூட்டுவார். மாத்திரை மேல் யாருக்கும் சந்தேகம் வராது.

மத்திய மருந்து தரக் கட்டுப்பாட்டு அமைப்பு தரமற்ற மருந்துகளின் பட்டியலை மாதாமாதம் பேட்ச் எண்ணோடு வெளியிடுகிறது. 2024 ஆகஸ்ட் பட்டியலில் டெல்மிசார்டனும் இருந்தது. கடையில் அட்டையை வெட்டித் தரும்போது பேட்ச் எண் உள்ள துண்டைக் கேட்டு வாங்குங்க.